அம்மன் பெயரில் ஒரு ஹோஸ்டிங் கணக்கு

மலைக்காத்தாயி அம்மனின் கணக்கை மகாராணி முடக்கவில்லை. கம்ப்யூட்டர்தான் முடக்கியது. ஆனால் பூண்டிக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரின் பெயர் தெரியாது, மகாராணியின் பெயர் தெரியும். ஆகவே புதன்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் ஃபோன் அவளுக்குத்தான் வந்தது.

"ஏம்மா மகாராணி, எங்க ஆத்தாவ நிறுத்திப்பிட்டீகளாமே" என்றார் கந்தவேல். வெள்ளைப்பூண்டு போடும் சம்சாரி. பூண்டித் திருவிழாக் கமிட்டிக்குச் செயலாளர்.

"நான் நிறுத்தலைங்கண்ணே. சிஸ்டம் நிறுத்தியிருக்கு."

"சிஸ்டத்துக்கு எந்த ஊரு?"

"சென்னைங்கண்ணே."

"அதான பாத்தேன்" என்றார் கந்தவேல். "மலைக்காரனா இருந்தா இந்தச் சோலி பாப்பானா."

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு சாக்லேட் கடையின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். இணையதளம் வைத்திருப்பவர்களுக்குக் கம்ப்யூட்டரில் இடம் வாடகைக்கு விடுவது தொழில். அதற்கு ஹோஸ்டிங் என்று பெயர். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியிடம் மொத்தமாக இடம் எடுத்து, மலையில் சில்லறையாக விட்டுக்கொண்டிருந்தார் முதலாளி ஹரிகிருஷ்ணன். அந்த 2008-ஆம் வருஷம் அவருக்கு நாற்பது லாட்ஜுகள், பதினோரு சாக்லேட் கடைகள், ஒரு நாய்ப்பண்ணை, ஒரு அம்மன் ஆகியோர் வாடிக்கையாளர்கள். மே மாதத்திலேயே மூடுபனி படியேறி வந்துவிடும். கதவைத் திறந்துவைத்தால் உள்ளே வந்து வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். எழுப்பி அனுப்பக் கால் மணி நேரம் ஆகும்.

அம்மன் வாடிக்கையாளர் ஆனதற்குக் காரணம் பக்தி அல்ல, பங்காளிச் சண்டை. பூண்டியில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு வகையறா. பொதுவில் எதை வாங்கினாலும் ஒருவர் பெயரில் எழுத இன்னொருவர் விடமாட்டார். அதனால் கோயில் நிலம், கல்யாண மண்டபம், மின்சார இணைப்பு, டெலிஃபோன், நெல் அவிக்கும் அண்டா என எல்லாமே அம்மன் பெயரில்தான் இருந்தன. திருவிழாவை வெளிநாட்டில் இருக்கும் பூண்டிக்காரர்கள் நேரலையாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு இணையதளம் போட்டபோதும், கணக்கை யார் பெயரில் திறப்பது என்ற கேள்விக்கு ஊர்க்கூட்டத்தில் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

படிவத்தை நிரப்பியவர் கந்தவேல். முதல் பெயர், மலைக்காத்தாயி. கடைசிப் பெயர், அம்மன். பாலினம், பெண். தொழில், காவல். பிறந்த தேதியை வெறுமனே விட்டால் படிவம் அடுத்த பக்கம் போகமாட்டேன் என்றது. ஆகவே கோயில் கும்பாபிஷேகத் தேதியைப் போட்டார். அந்தக் கணக்குப்படி அம்மனுக்கு இந்த மே மாதம் முப்பத்தேழு வயது.

இப்போது கணக்கு முடங்கியதற்குக் காரணம் பணம் கட்டாதது அல்ல. கூடக் கட்டியதுதான். வருஷ வாடகை ஆறாயிரம் ரூபாய். சாமி காரியத்துக்குப் பணம் கொடுக்கும்போது மொட்டையாகச் சைபரில் முடிக்கிற வழக்கம் பூண்டியில் கிடையாது. கந்தவேல் ஆறாயிரத்து ஒரு ரூபாய்க்கு டி.டி. எடுத்து அனுப்பியிருந்தார். போன வருஷமும் அப்படித்தான் அனுப்பினார். அப்போது பில் போட்டவர் மனுஷர். ஒரு ரூபாயை எடுத்து மேஜை மேலிருந்த பிள்ளையாருக்கு முன்னால் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். இந்த ஏப்ரலில் சென்னைக் கம்பெனி புது பில்லிங் மென்பொருள் வாங்கியிருந்தது. அதற்கு ஆறாயிரம் தெரியும். ஆறாயிரத்து ஒன்று தெரியாது. யாரோ முகம் தெரியாதவர் தவறாகக் கட்டிய தொகை என்று அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, வாடகை வரவில்லை என்று அம்மனை நிறுத்திவிட்டது.

"ஒத்த ரூபாயத் திருப்பி அனுப்பிட்டா சரியாப் போயிருமாம்ணே" என்றாள் மகாராணி.

"திருப்பி அனுப்புறதா? குடுத்த ரூபாய ஆத்தா திரும்ப வாங்குனதா பூண்டியில சரித்திரம் இல்ல. மேலத்தெருக்காரன் என்னைய உசுரோட விடுவானா? சனிக்கிழமை திருவிழாம்மா. பகல் பன்னெண்டு மணிக்கு ஒளிபரப்பு. துபாய், மலேசியா, சிங்கப்பூருன்னு இருநூறு பேரு லீவு போட்டு ஒக்காந்திருக்கான்."

மகாராணி ஹரிகிருஷ்ணனிடம் போனாள். அவர் கோயம்புத்தூர்க்காரர். மலைக்கு வந்து எட்டு வருஷம் ஆகியும் ஸ்வெட்டரைக் கழற்றியதில்லை. ஸ்வெட்டருக்குள் இருந்தபடி விதியைச் சொன்னார். தொகை ஒத்துப்போகாமல் முடங்கிய கணக்கைத் திறக்க வேண்டுமானால், கணக்குக்கு உரியவர் ஃபோனில் வந்து தன்னை யார் என்று நிரூபித்து, அந்தத் தொகையை என்ன செய்வது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பேச்சைப் பதிவுசெய்து சென்னைக்கு அனுப்ப வேண்டும். செயலாளர், மச்சான், பங்குதாரர் யாரும் செல்லாது.

"கணக்குக்கு உரியவங்க அம்மன் சார்."

"அது நம்ம பிரச்சினை இல்லம்மா. மச்சான் விஷயம் ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. மகாராணி வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு லாட்ஜ் முதலாளியின் மச்சான் ஃபோனில் அழுதான். அக்கா புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பாஸ்வேர்டு வேண்டும் என்றான். அவளுக்கும் கண் கலங்கி, எடுத்துக் கொடுத்துவிட்டாள். அக்கா புருஷன் அன்று குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவருடைய லாட்ஜின் இணையப் பக்கத்தில் மச்சான் லாட்ஜின் படமும், பாதி வாடகை என்ற அறிவிப்பும் இருந்தன. அன்றைக்கு ஹரிகிருஷ்ணன் ஒரே ஒரு எச்சரிக்கைதான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"மாசக் கடைசியில உன் ஆறு மாசம் முடியுது" என்றார் இப்போது. "கணக்கு தெறக்கலன்னா பூண்டி போயிரும். பூண்டி போனா உன்னை நிரந்தரம் ஆக்க எனக்குக் காரணம் இல்ல. சரிபார்க்காம தெறந்தா, தற்காலிகமா வச்சிருக்கவும் காரணம் இல்ல."

அந்த 'நிரந்தரம்' என்ற வார்த்தைக்காகத்தான் மகாராணி அந்தப் பனியில் தினமும் ஏழு மணிக்கு வீட்டைவிட்டு இறங்கினாள். அவள் தாத்தா சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தற்காலிகக் குடியிருப்பாளர் ஆனவர். அப்பா மாயாண்டி கப்பலேறி வந்து, தற்காலிக முகாமில் மூன்று வருஷம், தற்காலிக வீட்டில் முப்பது வருஷம், எஸ்டேட்டில் தற்காலிகத் தொழிலாளியாக அதே முப்பது வருஷம் இருந்தவர். வீட்டில் ஒரு தகரப்பெட்டி நிறையக் காகிதங்கள் உண்டு. எல்லாவற்றிலும் அந்த ஒரு வார்த்தை இருக்கும். அதற்கு எதிர்ச்சொல் போட்ட காகிதம் ஒன்றுகூட அந்தப் பெட்டிக்குள் நுழைந்ததில்லை.

அன்று சாயங்காலம் மாயாண்டி கேட்டார். "கடதாசி குடுப்பாங்கதானே புள்ள?"

"ஒரு ஆளு ஃபோன்ல பேசணும்ப்பா. பேசுனா குடுப்பாங்க."

"யாரு, பெரிய ஆளா?"

"ஆமாப்பா" என்றாள் மகாராணி. பொய் சொல்லவில்லை.

மறுநாள் கந்தவேலிடம் விதியை விளக்கினாள். அவர் குதிப்பார், இல்லாவிட்டால் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை.

"பேசணும், அம்புட்டுத்தானே? இத மொதல்லயே சொல்லப்படாதா. சனிக்கிழமை காலையில கரகம் எடுக்கைல பத்து மணிக்குத் திருமலைச்சாமி மேல எறங்கும். கோயில்லயே ஃபோன் இருக்கு. ஃபோனும் ஆத்தா பேருலதான் இருக்கு. வெள்ளனே வந்து ஒக்காந்திரு, நான் போட்டுத் தாரேன்."

திருமலைச்சாமி கேரட் போடுகிறவர். சங்கோஜி. வீட்டில் ஃபோன் அடித்தால் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார். தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஃபோன் வந்தாலும், "இல்லைன்னு சொல்லு" என்று கையைக் காட்டுவார். ஆனால் வருஷத்துக்கு ஒருநாள் அம்மன் இறங்கியதும் ஊரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மகாராணி தலையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் மூடுபனி உட்கார்ந்திருந்தது. ஹரிகிருஷ்ணன் ஏதோ கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார். பத்தே காலுக்கு ஃபோன் அடித்தது. எடுத்ததும் உறுமிச் சத்தம் காதைக் கிழித்தது. நடுவில் கந்தவேலின் குரல்.

"வந்திருச்சும்மா. காதுல வைக்கிறேன், பேசு."

மகாராணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். எந்த வாடிக்கையாளராக இருந்தாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்.

"வணக்கம். இந்த அழைப்பு பயிற்சிக்காகவும் சேவைத் தரத்துக்காகவும் பதிவு செய்யப்படுகிறது."

"பதிஞ்சுக்க" என்றது அந்தப் பக்கம். திருமலைச்சாமியின் குரலாக அது இல்லை. அவர் குரல் எப்படி இருக்கும் என்று ஊரில் பலருக்கும் தெரியாதுதான். ஆனாலும் இது அது இல்லை.

"உங்க பேரச் சொல்லுங்கம்மா."

"நான் யாருன்னு தெரியலையாடி ஒனக்கு?"

"தெரியும் ஆத்தா. ஆனா நீங்க சொல்லணும்."

"மலைக்காத்தாயிடி நான். மூணு மலையும் என் காவல்."

மகாராணி பெயருக்கு ஒரு டிக் போட்டாள். தொழிலும் தானாகவே வந்துவிட்டதால் அதற்கும் போட்டாள். இனிப் பிறந்த தேதி, தாயார் பெயர் என்று இரண்டு கேள்விகள். இரண்டில் ஒன்றாவது படிவத்தோடு பொருந்த வேண்டும்.

"பிறந்த தேதி சொல்லுங்கம்மா."

"மல பொறந்த அன்னைக்கு நானும் பொறந்தேன்."

திரையில் 14-05-1971 என்று இருந்தது. ஃபோனுக்குள் யாரோ கிசுகிசுத்தார்கள். "ஆத்தா, கும்பாபிஷேகம் நடந்துச்சுல்ல, அந்தத் தேதி..."

"ஏலே கந்தவேலு, குறுக்க வாயத் தொறந்த, நாக்க அறுத்துருவேன்."

"யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாதுண்ணே" என்றாள் மகாராணியும். அந்த ஒரு விஷயத்தில் அம்மனும் சென்னைக் கம்பெனியும் ஒரே கட்சி.

பிறந்த தேதிக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டாள். மிச்சம் இருந்தது ஒரு கேள்வி. அது தவறிப்போனால் இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்க முடியும். அதற்குள் அம்மன் மலையேறிவிடும், அடுத்த வைகாசிக்குத்தான் வரும்.

"உங்க தாயார் பேரு என்னங்கம்மா?"

உறுமி நின்றது.

"எனக்கு ஏதுடி தாயி? எல்லாருக்கும் நாந்தாண்டி தாயி."

மகாராணி திரையைப் பார்த்தாள். அந்தக் கட்டத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் கந்தவேல் ஊர்ப்பெரியவர்களைக் கலந்துகொண்டு, சுயம்புவாக வந்தவளுக்குத் தாய் ஏது என்ற முடிவோடு எழுதியிருந்தது 'இல்லை'.

"நன்றிம்மா. சரியா இருக்கு" என்றாள். இந்த ஐந்தரை மாதத்தில் சொந்தத் தாயின் பெயரைத் தப்பாகச் சொன்ன லாட்ஜ் முதலாளிகள் மூன்று பேர். முதல் தடவையிலேயே இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வாடிக்கையாளர் இவர்தான்.

பிறகு ரூபாய் விஷயம். "நீங்க கூடக் கட்டுன ஒரு ரூபாய என்னங்கம்மா செய்யட்டும்? திருப்பி அனுப்பட்டுமா?"

"அது ஒங்க கம்பெனி நல்லா இருக்கட்டும்னு நான் போட்டது. திருப்பி அனுப்பிப் பாரு. யாருக்கு நட்டம்னு தெரியும்."

கம்ப்யூட்டரில் அதற்கு நான்கு காரணங்கள்தான் இருந்தன. முன்பணம், பிழை, வரி, இதர. மகாராணி இதரவைத் தேர்ந்து, பக்கத்தில் 'வாடிக்கையாளரின் ஆசி' என்று அடித்தாள். கம்ப்யூட்டர் சற்று யோசித்தது. ஒத்துக்கொண்டது. சிவப்பாக இருந்த கணக்கு பச்சையானது.

அவள் அதோடு ஃபோனை வைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு அழைப்பையும் முடிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வாய் பழக்கத்தில் அது வெளியே வந்துவிட்டது.

"வேற ஏதாவது உதவி வேணுங்களாம்மா?"

"வேணும். எனக்கு இந்தக் கணக்கே வேணாம். எடுத்துரு."

"ஆத்தா" என்று கந்தவேல் அலறியது கேட்டது. அதைப் பதிவில் எடுத்துக்கொள்ள முடியாது. அவர் கணக்குக்கு உரியவர் அல்லர். உரியவர் இரண்டு நிமிஷத்துக்கு முன்புதான் ஐயத்துக்கு இடமில்லாமல் சரிபார்க்கப்பட்டிருந்தார். அவர் ரத்து செய்யச் சொன்னால் ரத்து செய்துதான் ஆக வேண்டும்.

போகிறேன் என்கிற வாடிக்கையாளரிடம் என்ன பேச வேண்டும் என்று ஒரு மஞ்சள் காகிதம் மேஜையில் ஒட்டியிருந்தது. மகாராணி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்கம்மா. ஏன் வேணாம்னு காரணம் தெரிஞ்சுக்கலாமா?"

"போன வருசம் என்னைய ஒத்தக் கால்ல நிக்க வச்சீகளேடி. மறந்துட்டியா?"

மகாராணிக்கு அது தெரியாது. அவள் வருவதற்கு முன்னால் நடந்தது. அம்மன் சொன்னதையும் இடையிடையே கந்தவேல் முனகியதையும் சேர்த்துக் கேட்டபோது விஷயம் புரிந்தது. கொடைக்கானலிலிருந்து பூண்டிக்கு இணைய இணைப்பு, ஒரு மேட்டில் கம்பம் நட்டு அதன் தலையில் தட்டு ஆன்டெனா வைத்து வாங்குவது. போன திருவிழாவில், அம்மன் காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு காட்டுமாடு வந்து கம்பத்தில் முதுகு சொறிந்தது. சுகமாக இருந்திருக்க வேண்டும், கால் மணி நேரம் சொறிந்தது. தட்டு மெதுவாகத் திரும்பிப் பழனியைப் பார்த்து நின்றுவிட்டது. பூண்டியில் திருமலைச்சாமி அடுத்த நொடியே காலைக் கீழே வைத்துவிட்டார். துபாயில் வைக்கவில்லை. கடைசியாகப் போன படம் அப்படியே உறைந்து, நான்கு மணி நேரம் அம்மன் அங்கே ஒற்றைக் காலில் நின்றது. ஆத்தாவுக்கு என்ன கோபமோ என்று பயந்துபோய் மஸ்கட்டில் ஒருவன் தானும் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறான். இருநூறு பேர் நான்கு மணி நேரம் அந்தக் காலையே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதன் பலன், திருமலைச்சாமி மறுநாளிலிருந்து இடது இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் கட்டிலில் கிடந்தார். கேரட் எடுக்க ஆள் விட வேண்டியதாகிவிட்டது.

"எனக்கு வலிக்காது. இந்த ஒடம்புக்காரன் என்ன பாவம் செஞ்சான்?" என்றது திருமலைச்சாமியின் வாயாலேயே அம்மன்.

மகாராணி மஞ்சள் காகிதத்தின் இரண்டாவது வரிக்குப் போனாள். "சிரமத்துக்கு மன்னிச்சுக்கங்கம்மா. உங்களுக்காக மூணு மாசம் இலவசமாத் தர்றோம்."

"மாசத்த வச்சு நான் என்ன பண்ண? யுகம் யுகமா இருக்கேன்."

மூன்றாவது வரி. "அப்ப இதே வாடகைக்கு ரெண்டு மடங்கு இடம் தர்றோம்."

"மலையே என்னுது. எனக்கு எடம் தாராளாம்ல."

மஞ்சள் காகிதம் அத்துடன் முடிந்தது. கடைசியில் சின்ன எழுத்தில், வாடிக்கையாளரைத் தக்கவைக்க ஊழியர் தம் சொந்த யோசனையையும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. மகாராணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால். லைன் போகாது என்று சத்தியம் செய்யலாம். செய்தால் காட்டுமாட்டிடமும் ஒரு சத்தியம் வாங்க வேண்டும். லைன் போகத்தான் போகும். போகும்போது என்ன தெரிய வேண்டும் என்பதுதான் கேள்வி.

"ஆத்தா, அலங்காரம் பண்றப்ப சன்னதியில திரை போடுவாங்கல்ல?"

"போடுவாக. அதுக்கு?"

"திரை போட்டா யாராச்சும் கோவிச்சுக்குறாங்களா?"

"யாரு கோவிப்பா? கும்பிட்டுக்கிட்டு நிப்பாக."

"லைன் அந்துபோனா, உங்களை அப்படியே நிக்க வைக்காம நான் திரையப் போட்டுர்றேன். லைன் வந்தா திரை வெலகிரும். நீங்க கால மடக்கிக்கலாம், ஒக்காரலாம், தண்ணி குடிக்கலாம். யாருக்கும் தெரியாது."

உறுமிக்காரர் இடையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"எம்புட்டு வெரசாப் போடுவ?"

"அந்த நொடியே."

"செவப்புத் திரதான் போடணும். மஞ்ச எனக்கு ஆகாது."

"செவப்பேதான் ஆத்தா."

"சரி. இருக்கட்டும் கணக்கு. போன வருசத்துக்கு என்னடி தண்டம்? கருங்கெடா ஒண்ணு கொண்டாந்து ஒங்க கம்பெனி ஆளு எங் கோயில்ல கட்டணும்."

சேவைக் குறைபாட்டுக்கான ஈடு என்ற கட்டத்தில் மகாராணி 'கருங்கெடா, எண்ணிக்கை ஒன்று' என்று அடித்தாள். பிறகு கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அடுத்துச் சொன்னது எந்தக் காகிதத்திலும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு ஆத்தா. அடுத்த வருஷம் நீங்க கூப்பிடுறப்ப வேற யாராச்சும் எடுத்தா, இந்தத் திரை சங்கதி அவங்களுக்குத் தெரியாது."

"நீ எங்கடி போற?"

"நான் தற்காலிகம் ஆத்தா. மாசக் கடைசி வரைக்கும்தான்."

"அதெல்லாம் செல்லாது. நீ இரு. இனிமே எங்கிட்ட நீதான் பேசணும்."

"பதிஞ்சுக்கிட்டேன் ஆத்தா" என்றாள் மகாராணி. உறுமி மறுபடி முழங்கியது. ஃபோனில் கந்தவேல் மூச்சிரைக்க, "மலையேறிருச்சும்மா, திருமலைச்சாமி தண்ணி கேக்குறாரு" என்றார்.

திருவிழாவைப் படம் பிடிக்க வந்திருந்தவர் பழனிமுத்து. பழனியில் கல்யாண வீடியோக்காரர். சன்னதித் திரையை அவர் ஒரு படம் எடுத்து அனுப்பினார். நெற்றிக்கு நேராக வெள்ளித் திரிசூலம் தைத்த சிவப்புப் பட்டுத் திரை. அந்த லைனில் அது வந்துசேர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. மேல் ஓரம் முதலில் வந்தது, பிறகு திரிசூலத்தின் நுனி, பிறகு தேநீர் இடைவேளை, பிறகு மீதி. பன்னிரண்டு அடிக்க நான்கு நிமிஷம் இருக்கும்போது மகாராணி அதை ஏற்றினாள்.

ஒளிபரப்பு பன்னிரண்டிலிருந்து ஆறு வரை. இந்தத் தடவை காட்டுமாடு வரவில்லை. மாறாக மழை, காற்று, மின்வெட்டு, ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது, டீசல் வாங்கப் போனவர் ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டது எல்லாம் வரிசையாக வந்தன. மகாராணி ஒரு தாளில் குறித்துவைத்தாள். ஆறு மணி நேரத்தில் மூன்று மணி நாற்பது நிமிஷம் திரைதான் ஓடியது. போன வருஷத்தைவிடச் சிறிது குறைவு, அவ்வளவே. போன வருஷம் நூற்று முப்பது புகார்கள். இந்த வருஷம் ஒரே ஒரு ஃபோன், துபாயிலிருந்து.

"தங்கச்சி, இது எத்தனாவது அலங்காரம்?"

மகாராணி தாளைப் பார்த்தாள். "இதோட இருபத்தேழுங்கண்ணே."

"இருபத்தேழா. எங்கய்யா காலத்துல மூணுதான் செய்வாக" என்றான் அவன். "ஊரு நல்லா வந்துருச்சு தங்கச்சி. கமிட்டிக்கு ஒரு பத்தாயிரத்து ஒண்ணு அனுப்பி விடுறேன்."

திங்கட்கிழமை ஹரிகிருஷ்ணன் வந்து பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு முழுதாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் முதல் முறையாக ஸ்வெட்டரின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"அந்தக் கடைசிப் பேச்சு நம்ம காகிதத்துல இல்லையேம்மா."

"சொந்த யோசனைன்னு கீழ ஒரு வரி இருக்குங்க சார்."

அவர் குனிந்து பார்த்தார். இருந்தது. எழுதியவரே அவர்தான். அதெல்லாம் செல்லாது என்று சொல்ல வாயெடுக்கும்போது சென்னையிலிருந்து ஃபோன் வந்தது. பதிவு சனிக்கிழமையே அங்கே போய்ச்சேர்ந்திருந்தது. பில்லிங் பிரிவு மேலாளர் லீலா என்கிற அம்மாள் பேசினார். சரிபார்ப்பு மிகச் சுத்தமாக இருப்பதாகவும், பயிற்சி வகுப்பில் போட்டுக் காட்டப்போவதாகவும் சொன்னார். கெடாவுக்கு அனுமதி கொடுத்தாயிற்று, ஆனால் ரசீது வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் மகளுக்கு மூன்று வருஷமாக வரன் தட்டிப்போவதாகவும், அந்த நம்பருக்குப் பேசினால் பதில் கிடைக்குமா என்றும் கேட்டார்.

"நேராப் பேச முடியாதுங்க மேடம்" என்றார் ஹரிகிருஷ்ணன். மகாராணியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க மகாராணி மூலமாத்தான் பேசும். ஆமாங்க மேடம். இல்ல, எங்கயும் போகமாட்டா. பர்மனென்ட்."

கடிதம் அன்று மத்தியானமே தட்டச்சாயிற்று. 'வாடிக்கையாளரின் வாய்மொழி உத்தரவை முன்னிட்டு' என்று தொடங்கியது. மாயாண்டி அதைக் கையில் வாங்கி எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தார். பின்பக்கம் திருப்பி அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.

"நிரந்தரம்னா எந்த வருசம் வரைக்கும்னு போட்டிருக்கா புள்ள?"

"அதெல்லாம் போடமாட்டாங்கப்பா."

"போடாம வுட்டுட்டாங்க பாரு" என்றார் மாயாண்டி. "நாளைக்கே போயிக் கேட்டு எழுதி வாங்கிரு." ஆனாலும் அன்று அந்தக் கடிதத்தைத் தகரப்பெட்டியில் வைக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

கெடாவை யார் கொண்டுபோவது என்பதுதான் பாக்கி. கம்பெனி ஆள்தான் கொண்டுபோய்க் கட்ட வேண்டும் என்பது அம்மனின் வாக்கு. ஹரிகிருஷ்ணன் முட்டைகூடச் சாப்பிடாதவர். ஆட்டை வாங்கி வந்து கதவோரம் கட்டியிருந்த ஒரு மணி நேரமும் அதன் கண்ணைப் பார்க்காமல் நடமாடினார். நிரந்தர ஊழியரின் முதல் அலுவலகப் பணியாக அது மகாராணிக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பூண்டி பஸ்ஸின் கடைசி இருக்கையில் ஆடும் அவளும் ஏறினார்கள். பூம்பாறை தாண்டியதும் கண்டக்டர் வந்தார்.

"ஆட்டுக்கு லக்கேஜ் போடணும்மா."

"போடுங்கண்ணே. ரசீதுல கருங்கெடா ஒண்ணுன்னு தெளிவா எழுதிக் குடுங்க. ஆபீஸ்ல கேப்பாங்க."

கண்டக்டர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "எந்த ஆபீசும்மா ஆட்டுக்கு ரசீது கேக்குது?"

"கம்ப்யூட்டர் ஆபீசுங்கண்ணே."

அவர் ஆட்டைப் பார்த்தார். ஆடு ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுதி, கிழித்து, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சில்லறை கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.